கஸ்பாரின் வாயில் வளர்ந்த கெளுத்திகள்

இருட்டிய பிறகு கேட்ட அந்தச் சத்தத்தை பெனடிக்டா முதலில் தண்ணீர்க் குழாயின் சத்தம் என்றுதான் நினைத்தாள், ஏனென்றால் குருசடித்துறையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும், காற்று வருவதற்கு முன்னால் ஒரு உறுமல் வரும். ஆனால் அன்று தண்ணீர் வரும் நாள் இல்லை. பிறகு பக்கத்து வீட்டு நாய் என்று நினைத்தாள், பிறகு கூரைக்கு மேலே பூனை என்று நினைத்தாள், பிறகு, பயந்தவர்களுக்கு நினைப்பதற்கு எப்போதும் இன்னொன்று மிச்சம் இருக்கும் என்பதால், மடத்துப் பள்ளிக்கூட ஹாஸ்டலில் சிஸ்டர்மார் சொல்லிப் பயமுறுத்திய, தலையணைக்கு அடியில் இருந்து உறுமும் பசாசு என்றும் நினைத்தாள். கொர்ர்ர், என்றது அது. கொக். கொர்ர்ர். இன்னும் தலை நிற்காத குழந்தை ரோசிலியை மார்போடு இறுக்கிக்கொண்டு அவள் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்து கவனித்தபோது, சத்தம் வெளியில் இருந்து வரவில்லை என்பது தெரிந்தது. பாயில் மல்லாந்து படுத்திருந்த அவள் புருஷன் கஸ்பாரின் தொண்டைக்குள் இருந்து வந்துகொண்டிருந்தது.

கஸ்பார் மத்தியானம் கடலில் இருந்து வந்தது முதல் பேசவில்லை, சோற்றைத் தொடவில்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்து அவள் எதுவும் கேட்கவில்லை. இப்போது செல்போன் வெளிச்சத்தை அவன் முகத்தில் அடித்து, "என்னங்க, என்ன செய்யுது?" என்று கேட்டாள். அவன் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தாடைக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்து, கோவிலில் நற்கருணைப் பாத்திரத்தைத் திறப்பதுபோல மெதுவாக வாயைத் திறந்தான். உள்ளே, நாக்கின் மேலும் இரண்டு கன்னத்துக்குள்ளும், கோலிக்குண்டு கோலிக்குண்டாக, மஞ்சளாக, நனைந்து மினுங்கிக்கொண்டு, கெளுத்தி முட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி அவளைப் பார்த்தது.

நடந்தது இவ்வளவுதான். சிப்ரியான் முதலாளியின் சுருக்குமடி வலைக்குள் அன்று ஒரு கூட்டம் முழுக்க ஆண் கெளுத்தியாக விழுந்திருந்தது. கடல் கெளுத்தியில் முட்டையைக் காப்பது அப்பன்தான். தாய் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும், அப்பன் அதை வாயில் அள்ளி வைத்துக்கொண்டு, குஞ்சு பொரிந்து, அந்தக் குஞ்சு வயிற்றுப் பையில் உள்ள மஞ்சளைத் தின்று முடித்துத் தானாக நீந்தும்வரை, ஒரு இறாலைக்கூட விழுங்காமல் பட்டினி கிடக்கும். வாய் நிறைந்த மீனை வியாபாரிகள் எடுப்பதில்லை. ஆகையால் மணலில் ஏலம் போடுவதற்கு முன்னால், போட்டிலேயே வைத்து, செவுளைப் பிடித்துத் தலையில் ஒரு தட்டுத் தட்டி முட்டையை உதறிவிடுவது கூலியாட்களின் வேலை. கஸ்பாரும் வருஷக்கணக்காக உதறியவன்தான். அன்று ஒரு மீன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மற்றதெல்லாம் காற்றுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது, அது மட்டும், மூச்சு போனாலும் போகட்டும் என்று, மூடியது மூடியபடி கிடந்தது. அவன் விரலைக் கொடுத்து நெம்பினான், முட்டை உருண்டு வந்தது, இரண்டு கையிலும் மீன் இருந்தது, குனிந்து தன் வாயைக் கொடுத்துவிட்டான். குருசடித்துறையில் இதைவிடச் சின்னக் காரணத்துக்குக் கல்யாணங்களே நடந்திருக்கின்றன.

விடிந்ததும் முதலில் பார்த்தது, தலையில் கூடையோடு ஊர் ஊராகப் போய் மீன் விற்கிற மதலேனா.

"ஏட்டி பெனடி, ஒன் மாப்பிள்ளைக்கு மொகம் வீங்கியிருக்கே. பல்லா?"

"இல்ல மதினி. முட்ட."

"என்ன முட்ட?"

"கெளுத்தி முட்ட."

"அப்ப சரி," என்றாள் மதலேனா, கூடையைச் சரிசெய்துகொண்டு. "நான் பல்லுவலியோன்னு பயந்துட்டேன். ராத்திரியெல்லாம் ஒறங்க விடாது, பாத்துக்கோ."

அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது, ஊரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து, வாய்க்குள் டார்ச் அடித்து, நாடி பிடித்து, கஸ்பார் கொட்டாவி விடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு முட்டைகளை எண்ணி, ஒருவர் எண்ணிக்கை இன்னொருவருக்கு ஒத்துவராமல் அடித்துக்கொண்டார்கள். உபதேசியார், கெளுத்தியின் மண்டை ஓட்டை வெயிலில் காயவைத்தால் அடிப்பக்கம் சிலுவையில் பாடுபட்ட சுரூபம் தெரியும், குலுக்கினால் உள்ளே கல் உருளும், அப்படி ஒன்றைத் தானே வீட்டில் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகவும், ஆகையால் இது கெட்டது அல்ல என்றும் சொன்னார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் கஸ்பார் நன்மை வாங்க வரிசையில் வந்து நின்றபோது, நற்கருணையை மீன் முட்டைக்கு நடுவில் வைக்கலாமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பங்குச்சாமி அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். நன்மை வாங்க ஒரு மணி நேரம் பட்டினி இருந்தால் போதும், இவன் நாள்கணக்காக இருக்கிறான், அவனைவிட நான்தான் யோசிக்க வேண்டும் என்று சொல்லி, அவன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினார்.

ஆண்களுக்குத்தான் தொந்தரவு. கிணற்றடியிலும் குழாயடியிலும் பெண்கள் பேசியதெல்லாம் ராத்திரி வீட்டுக்கு வந்தது. "அவன் புள்ளைக்காக வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கான், நீரு பீடியக்கூட வாசல்ல போய்க் குடிக்க மாட்டேங்கேரு" என்று ஒருத்தி சொன்னாள். "அது மீன் புள்ள" என்றான் புருஷன். "மீன் புள்ளைக்கே அப்படின்னா?" என்றாள் அவள். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வந்து கஸ்பாரின் தாடையைத் தொட்டு, தொட்ட விரலை வயிற்றில் வைத்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் நடுவில் பெனடிக்டா, மடத்தில் தவளையின் இரத்த ஓட்டத்தைக் கலர் பென்சிலால் வரைந்து முழு மார்க் வாங்கியவள், வாரம் தவறாமல் தான் புளிக்குழம்பு வைத்துத் தின்ற மீனைப் பற்றி அந்தப் புஸ்தகத்தில் ஒரு வரியும் இல்லையே என்று, மடியில் ரோசிலியை வைத்துக்கொண்டு, வற்றிக்கொண்டே போகும் புருஷனின் முதுகெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. மேலே ஒரு துணியை நனைத்துப் போட்டால் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான் அவன் குடித்தது. அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. முட்டைகள் பொரிவதற்குள் அவன் போய்விடுவானோ என்பது.

அவன் கடலோரம் நடக்கப் போன சாயங்காலங்களில், தொண்டையில் அந்த உறுமல் எழும்போது, அலைக்கு அப்பால் இருந்து பதில் வந்தது. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு கடலுக்கு அடியில் யாரோ பெரிய மரக்கட்டையை இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரே உறுமல். தப்பிப் பிழைத்த கெளுத்திகள், வாய் நிறைந்த அப்பன்கள், இன்னொரு அப்பனின் குரலுக்கு ஆழமில்லாத தண்ணீர்வரை வந்து, மீசையால் மணலைத் தடவிக்கொண்டு நின்றன. ஊரே வந்து பார்த்தது. சிப்ரியான் முதலாளியும் வந்து பார்த்தார். அவர் மட்டும் கஸ்பாரைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார்.

மறுநாள் முதலாளி வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, ரோசிலியின் காலைத் தொட்டுக் கொஞ்சி, "எல கஸ்பாரு, ஆத்துவாய்லதான இதுவ குஞ்ச விடும்? நடந்து போனா நீ விழுந்துருவ. போட்டுல கொண்டு விடுதேன், வா" என்றார். கஸ்பார் கண்ணில் தண்ணீர் வந்தது. பெனடிக்டாவும் கும்பிட்டாள். போட்டு ஆற்றுவாய்க்குப் போகவில்லை. கடலடிப் பாறைத்திட்டான பாருக்கு வெளியே கொண்டுபோய் அவனைப் போட்டின் முன்முனையில், அணியத்தில், உட்கார்த்தி, எஞ்சினை நிறுத்தி, அவன் தொண்டை தானாக உறுமும்வரை காத்திருந்து, பதிலுக்கு வந்த கூட்டத்தைச் சுற்றி வலையைச் சுருக்கினார்கள். அன்று கரையில் விழுந்த மீனை வைக்க ஐஸ் பெட்டி போதவில்லை. உதறிய முட்டைகள் கணுக்கால் உயரத்துக்கு மணலில் கிடந்தன, பிள்ளைகள் அதை வைத்துக் குண்டு விளையாடினார்கள், கஸ்பார் அதற்கு நடுவில் மண்டியிட்டு, அழுதால் வாய் திறந்துவிடும் என்பதால், மூக்கால் அழுதான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூறு வந்தது. பெனடிக்டா வீட்டுக்கும் வந்தது, பெரிய மீன், தலையோடு. அவள் அதைக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் ரோசிலிக்குப் பால் பற்றாமல் இருந்தது. சமைத்தாள், தின்றாள். புருஷன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்றாள். அவன் எழுந்து வந்து அவள் தலையைத் தடவிவிட்டுப் போனான்.

பிறகு முட்டைகள் பொரிந்தன. ஒரு காலையில் அவன் வாயைத் திறந்தபோது குண்டுகள் இல்லை. ஒவ்வொன்றும் வயிற்றில் மஞ்சள் பை தொங்க, நூல் நூலாக மீசை முளைத்து, வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. இன்னும் கொஞ்ச நாள், மஞ்சள் வற்ற வேண்டும், அவ்வளவுதான். நர்ஸம்மா இந்தத் தடவை நாடியை நிறைய நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவனுக்கும் கொஞ்ச நாள்தான் பாத்துக்கோ" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அந்த வாரம்தான் கடல் வற்றியது. தண்ணீர் இருந்தது, மீன் இல்லை. போட்டுகள் டீசலை எரித்துவிட்டு வெறும் வலையோடு திரும்பின. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொடிமரத்தடியில் ஊர்க்கூட்டம் கூடியபோது, கஸ்பாரின் குரலை வைத்து மறுபடியும் வலை போடுவது என்றுதான் முடிவாகப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை, மதிலோரம் நின்று கேட்பதோடு சரி. பெனடிக்டா மதிலோரம் நிற்கவில்லை. ரோசிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆண்களுக்கு நடுவில் போய் நின்றாள்.

"பொம்பளையாளுவ கூட்டத்துல பேசுற வழக்கம் இல்ல, பிள்ள" என்றார் ஊர்த்தலைவர் மனுவேல்.

"அப்ப என் மாப்பிள்ளையப் பேசச் சொல்லுங்க."

"அவனாலதான் முடியாதே."

"அதான் நான் பேசுதேன்."

யாரோ சிரித்தார்கள். சிப்ரியான் முதலாளி சிரிக்கவில்லை. "இங்க பாரும்மா. அந்த முட்ட என் போட்டு மீனோடது. அத மறந்துராத."

"மணல்ல விழுந்தாத்தான் போட்டு மீனுன்னு ஏலத்துல நீங்கதான முதலாளி சொல்லுவிய? நடுவுல காக்கா கொத்திட்டுப் போனாக்கூட அது காக்கா மீனுதானே. இது மணல்ல விழல."

"சரி. ஆளு என் ஆளுதானே?"

"இல்ல. ஆளு என் ஆளு."

மதிலோரத்தில் இருந்து ஒரு முனகல் எழுந்தது. முதலாளி குரலை இறக்கினார். அவர் கெட்டவர் அல்ல, பசித்த ஊருக்கு மீன் கொண்டுவந்து பழகியவர், பழக்கம்தான் அவரைப் பேச வைத்தது. "ஊருல அடுப்பு எரியாண்டாமா? ஒன் பிள்ளைக்குப் பால் எதுலேருந்து வந்துது? நான் அனுப்புன கூறுலேருந்துதான? தின்னியா இல்லியா?"

"தின்னேன்," என்றாள் பெனடிக்டா. அவள் குரல் உடைந்தது, உடைந்த இடத்தில் இருந்தே மேலே பேசினாள். "தலையோட தின்னேன். அடுத்த வருஷமும் திங்கணும். ரோசிலியும் திங்கணும். அப்பனையெல்லாம் வாயில முட்டையோட புடிச்சிட்டிய, இப்ப கடலு காலியாக் கெடக்கு. மிச்சம் நிக்கதையும் இவரு குரல வச்சிப் புடிச்சிட்டா, பொறவு எதத் திம்பிய? வலையையா?"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். முடிவைச் சொன்னார். நாளைச் சாயங்காலம் போட்டு போகும், கஸ்பார் போக வேண்டும். போகாவிட்டால் ஊர்விலக்கு. குழாய்த் தண்ணீர் கிடையாது, கோவில் கிடையாது, கல்லறைத் தோட்டம் கிடையாது.

"கல்லறையுமா?"

"ஆமா பிள்ள. கல்லறையும்தான்."

"அப்ப நாங்க சாக மாட்டோம்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

மறுநாள் மத்தியானம் மதலேனா கூடை இல்லாமல் வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"ஏட்டி, நான் இத்தன வருஷமா அலையில முழங்கால் அளவு நின்னு மீன் வாங்குதேன். ஒருநாளாவது போட்டுப் பலகையத் தொட்டிருக்கேனா? தொட விட்டிருக்கானுவளா? பொம்பள கால் பட்டா வலை கிழியும், போட்டு தாழும். எங்க அப்பன் சொன்னான், என் மாப்பிள்ள சொன்னான், நேத்துப் பொறந்த பய சொல்லுதான். இந்த ஊர்ல போட்டு எறங்குனா பொம்பளைக்கு மட்டும் அதுல எடம் கெடையாது. தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மதினி."

"அப்ப எங்க வாயில போடு."

பெனடிக்டாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "எங்க வாயிலன்னா... யாரெல்லாம்?"

"வெளிய வந்து பாரு."

சந்து முழுக்கப் பெண்கள் நின்றார்கள். தீப்பெட்டி கேட்கப் போகிறேன், மிளகாய் கடன் வாங்கப் போகிறேன், பிள்ளைக்கு உரை மருந்து கேட்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள், எல்லோரும் வாயை உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு வந்திருந்தார்கள். கடைசியில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முதலாளியின் மனைவி இசபெல்லம்மாளும் நின்றாள். "என்ன பாக்க?" என்றாள் அவள், தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம். "மாடி வீட்டுக்காரிக்கு வாய் கெடையாதா?"

கஸ்பார் திறக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினான். சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் தாடையைப் பொத்திக்கொண்டு, சாகிற மீன் மூடிய மாதிரியே மூடிக்கொண்டான். ஒருமுறை போட்டில் ஏறி ஏமாந்தவன். பெனடிக்டா அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னங்க, நான் சொல்லுதத கேளுங்க. நீங்க செத்தா இதுவளும் சாவும். இதுவளுக்கு மஞ்சளும் வத்திருச்சு, நாளைக்கு விடியல்ல ஏத்தம், கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறும். நாங்க பாய் அலச ஆத்துவாய்க்குப் போயி இதுவள அங்க விட்டுருவோம், வாரத்துக்கு ஒருநாள் போறதுதான், ஒருத்தனும் என்ன ஏதுன்னு கேக்க மாட்டான். ஒரு ராத்திரிதான். ஒரு ராத்திரி எங்கள நம்பக்கூடாதா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கைகளை எடுத்தான்.

நன்மை வாங்கப் போவதுபோல அவர்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து மண்டியிட்டு, கண்ணை மூடி நாக்கை நீட்டினார்கள். பெனடிக்டா நனைந்த விரலால் புருஷனின் வாயில் இருந்து ஒரு குஞ்சை எடுத்து ஒரு நாக்கில் வைத்தாள், வாய் மூடியது, அடுத்தவள் வந்தாள். வாயில் வாங்கியதும் சிலருக்குச் சிரிப்பு வந்தது, மீசை அண்ணத்தில் கூசியது. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி அழுதாள். பேச்சுக்குப் பேர்போன மதலேனா, கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுத்தான் வாயைக் கொடுத்தாள்: "பெனடி, இன்னைக்கு என் மாப்பிள்ளைக்குத்தான் கொண்டாட்டம், ஒரு ராத்திரி நிம்மதியாத் தூங்குவான்." எல்லோரும் போன பிறகு கஸ்பாரின் நாக்கில் ஒன்று மிச்சம் இருந்தது. பெனடிக்டா அதைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். அது உப்பாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது, கன்னத்தின் உட்புறத்தில் ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டு நாக்கின் கீழே போய் ஒண்டிக்கொண்டது.

கஸ்பார் தாடையை இப்படியும் அப்படியும் அசைத்தான். "கஞ்சி" என்றான்.

வெயில் தாழ்ந்தபோது ஆண்கள் வந்தார்கள். முதலாளி முன்னால், தலைவர் பின்னால், கஸ்பாரின் கூடப்பிறந்த தம்பி உட்பட கூலியாட்கள் எல்லாம் பின்னால். கஸ்பார் வாசலுக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க முதலாளி. கஞ்சி குடிக்கியளா?" என்று கேட்டுவிட்டு, வாயை ஆவென்று பிளந்து காட்டினான். சோற்றுப் பருக்கை தவிர ஒன்றும் இல்லை.

"எங்கடே அதுவ?"

அப்போது பக்கத்து வீட்டில் இருந்து சத்தம் கேட்டது. கொர்ர்ர். கொக். எதிர்வீட்டில் இருந்து அதற்குப் பதில் வந்தது, அடுத்த சந்தில் இருந்து அதற்குப் பதில், கோவிலுக்குப் பின்னால் இருந்து, குழாயடியில் இருந்து, அடுப்படிகளில் இருந்து, ஊர் முழுக்க ஒரே உறுமலாக எழுந்து, அதற்குக் கடல் பதில் சொல்லியது. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"முதலாளி," என்றான் கஸ்பாரின் தம்பி, தயங்கித் தயங்கி, "ஒங்க வீட்டு மாடிலயும் கேக்குதே."

"எங்க வீட்லயுந்தான்," என்றான் இன்னொருவன். "நான் கெளம்பும்போதே அவ ஒண்ணும் பேசல. கோவம்னுல்லா நெனச்சேன்."

"அப்ப பொம்பளையளத்தான் போட்டுல ஏத்தணும்."

"ஏத்துனா வலை கிழியுமே வே. போட்டு தாழுமே."

கூட்டத்தின் பின்னால் ஒருவனுக்குச் சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கு வழியாக வெடித்தது. சிப்ரியான் முதலாளி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கதவு நிலையில் ஒரு கையை ஊன்றி, பெனடிக்டாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"வாயத் தொற" என்றார்.

வாயைத் திற என்று மூத்தவர்கள் சொன்னபோதெல்லாம் அவள் திறந்திருக்கிறாள். ஹாஸ்டலில் திருட்டு மிட்டாய் தேடிய சிஸ்டருக்குத் திறந்திருக்கிறாள், டாக்டருக்குத் திறந்திருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் பல்வரிசை பார்க்க வந்த உறவுக்காரிகளுக்குக்கூடத் திறந்திருக்கிறாள். இப்போது நெஞ்சு அடித்த அடியில் தோளில் கிடந்த ரோசிலி விழித்துக்கொண்டாள். நாக்கின் கீழே குஞ்சு ஒருமுறை புரண்டது. பெனடிக்டா உதட்டை இறுக்கிக்கொண்டு முதலாளியின் கண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, நிலையில் ஊன்றியிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள், குழந்தையின் பிடியில் இருந்து முடியை விடுவிப்பதுபோல, வலிக்காமல். அவர் கை கீழே விழுந்தது.

அவள் ஒரு கதவைச் சாத்தினாள். இன்னொரு கதவைச் சாத்தினாள். உப்புக்காற்றில் உப்பிப்போன மரம் சேர மறுத்தபோது, கஸ்பார் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து தோளைக் கொடுத்தான். சேர்ந்தது. பெனடிக்டா உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டாள்.